எம்டன் குண்டும் என் மேடைப் பேச்சும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் பழைய கடன் ஒன்று ஞாபகம் வந்தது. மாணவனாக இருந்தபோது நம் கல்லூரி மேடையில், "எம்டன் கப்பலில் வந்து சென்னையில் குண்டு போட்டவர் நம்ம செண்பகராமன் பிள்ளைதான்!" என்று முழங்கிப் பலத்த கைதட்டல் வாங்கியவன் நான். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் பிடித்து, சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1795-ல் கட்டிய கட்டிடம். 1948 முதல் மியூசியம். வாள், பீரங்கி, நாணயங்களோடு எம்டன் வீசிய குண்டின் சிதறல் ஒன்றும் அங்கே இருக்கிறது. நம்ம சிப்காட் உருக்காலை வாசலில் கிடந்தால் ஸ்கிராப் என்று தாண்டிப் போய்விடுவோம். அவ்வளவுதான். ஆனால் ஊரையே நடுங்க வைத்த இரும்பு அது.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். வெள்ளைக்காரன் கௌரவத்தைக் குலைப்பதும் முல்லரின் நோக்கம். அது பலித்தது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். வடக்கே கிளம்பியவர்கள் நம் கும்மிடிப்பூண்டி வழி ரயில் பாதையில்தான் போயிருக்க வேண்டும்.

சரியாக 48 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, கொக்கோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்கியது. மூழ்காமல் இருக்க முல்லரே கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார். மாலுமிகள் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கப்பலின் மணி இன்று கான்பெராவின் போர் நினைவகத்தில்; ஒரு பீரங்கி சிட்னி ஹைட் பார்க்கில். சென்னைக்குக் கிடைத்தது, அது நம் மீது எறிந்த துண்டுதான். தமிழுக்கு ஒரு சொல்லும் கிடைத்தது: "அவன் சரியான எம்டன்!"

சரி, செண்பகராமன்? போர் மூண்டபோது எம்டன் சீனக் கரையில் சிங்டாவ் தளத்துக் கப்பல். பசிபிக் கடலில் சுற்றி, அப்படியே இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. ஐரோப்பா பக்கமே போகவில்லை. செண்பகராமனோ அதே செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய விடுதலைக் குழு ஒன்றின் தலைவர். அடுத்த மாதம்தான் பெர்லின் போனார். சூரிக்கில் இருந்தவர் இந்தக் கப்பலில் எப்படி ஏறியிருக்க முடியும்? தேதியை ஒரு தடவை சரிபார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கைதட்டல் போதுமாக இருந்தது.

இதனால் அவர் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. அந்நிய மண்ணில், 1934-ல் பெர்லினில் சாகும்வரை நாட்டுக்காக உழைத்தவர். அவருக்கு நம் கட்டுக்கதை எதற்கு?

தம்பி, தங்கைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரும்புத் துண்டைப் போய்ப் பாருங்கள். எதிரே உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் எம்டன் நினைவுக் கல்வெட்டும் இருக்கிறது. பிறகு மேடை ஏறுங்கள். கைதட்டல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.