வழித்துப்போட்ட பாசி

சமயநல்லூரில் தாத்தாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் வயல். நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துப் போனால், பயிருக்கு நடுவே நிற்கும் தண்ணீர் மேல் நீலமும் பச்சையும் கலந்த ஒரு ஏடு படர்ந்திருக்கும். பாலாடை மாதிரி. தண்ணீர் வற்றினால் அதுவே அப்பளம்போல ஓரம் சுருண்டு காயும். தாத்தாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பாசி புடிச்சா பயிரு மூச்சு முட்டும்டா" என்பார். உள்ளங்கையால் வழித்து வரப்பில் வீசுவார். நானும் வழித்திருக்கிறேன். அந்த வழுவழுப்பும் மண்வாடையும் சாயந்திரம் வரைக்கும் கையை விட்டுப் போகாது.

இதன் சொந்தக்காரப் பாசி ஒன்று கடலில் இருக்கிறது. அதற்கும் நம்மூரில் கெட்ட பெயர்தான். அந்தக் கெட்ட பெயர் அச்சில் ஏறிய கதையைத் தேடிப்போனபோதுதான் தாத்தாவின் பாசியும் எனக்குப் புரிந்தது.

வைகை எங்கள் பக்கம் கடந்து மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று போய், பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அடங்கிவிடும். வெள்ளம் மிஞ்சிய வருடம் மட்டும் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் பாக் விரிகுடாவைத் தொடும். (ஆறு கடலில் சேரும் இடத்து ஊருக்கு ஆற்றங்கரை என்று பேர் வைத்தவர்கள் நம்மாட்கள்!) அங்கிருந்து கிழக்கே மண்டபம், பாம்பன். பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு. சின்னத் தீவுதான், ஆனால் 1920களிலேயே சென்னை அருங்காட்சியகம் அதன் உயிரினங்களைப் பட்டியல் போட்டுப் புத்தகமாக வெளியிட்டது. அதில் தாவரங்களைப் பற்றி எழுதியவர், பிற்பாடு இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறியப்பட்ட எம். ஓ. பி. அய்யங்கார்.

1942இல் பெங்களூரிலிருந்து வந்த கரண்ட் சயன்ஸ் இதழில் பி. ஐ. சாக்கோ ஒரு சிறு குறிப்பு எழுதினார். குருசடைத் தீவைச் சுற்றிக் கடல்வாழ் உயிர்கள் வழக்கத்துக்கு மாறாகச் செத்துப்போனதைப் பற்றியது. கடலில் பெருகிய ட்ரைக்கோடெஸ்மியம் எரித்ரேயம் என்ற பாசிதான் காரணம் என்று அதில் சொல்லப்பட்டது. இரண்டே வருடத்தில், 1944இல், அதே இதழில் சிதம்பரமும் உண்ணியும் பாம்பன் பகுதியில் இதே பாசி திரண்டதையும் அங்கிருந்த உயிர்களுக்கு அதனால் நேர்ந்ததையும் எழுதினார்கள். ஆக, அந்த இதழில் நம் கரையோரத்து ட்ரைக்கோடெஸ்மியத்தைப் பற்றி வந்த இந்த இரண்டுமே சாவுக் குறிப்புகள்தான். போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் மட்டும் பேர் இருக்கிற ஆள் மாதிரி.

அந்தப் பெயருக்குக் 'கட்டிய மயிர்' என்று பொருள் சொல்லலாம். நூல் நூலான இழைகள் கற்றையாகச் சேர்ந்து, கண்ணுக்குத் தெரிகிற மரத்தூள் போல மிதக்கும். செல்லுக்குள் காற்றறைகள் இருப்பதால் மேலே வரும். வெயில் அடித்து, காற்று ஓய்ந்து, கடல் கண்ணாடியாகக் கிடக்கிற நாட்களில் பரப்பெல்லாம் செம்பழுப்பாகத் திரளும். மாலுமிகள் இதைக் 'கடல் மரத்தூள்' என்றே அழைத்தார்கள். 1770இல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்தவர்கள் பார்த்தார்கள். 1832இல் பீகிள் கப்பலில் போன டார்வின் பிரேசில் கரைக்கப்பால் பார்த்தார். செங்கடலில் பார்த்து, 1830இல் இதற்குப் பெயர் வைத்தவர் எஹ்ரன்பர்க் என்ற ஜெர்மானியர்.

திரண்டது எல்லாம் ஒரே நேரத்தில் சாகும்போதுதான் சிக்கல். அழுகுகிற பாசி தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆழம் குறைந்த, நீரோட்டம் மந்தமான இடத்தில் மீனுக்குத் தப்பிக்க வழியில்லை. சாக்கோவும் மற்றவர்களும் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அது பாதிக் கதை.

மீதிப் பாதி அதற்கு முன்பே வேறொரு இடத்தில், வேறொரு கேள்வியாகத் தொடங்கியிருந்தது. வங்காளத்து நெல்வயல்களில் வருடா வருடம் எரு போடாமலே ஏதோ ஒரு அளவு விளைகிறதே, எப்படி? பி. கே. டே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அவரும் லண்டனின் ஃபிரிட்ச்சும் சேர்ந்து 1938இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அய்யங்கார் லண்டனுக்குப் போய்ப் படித்ததும் இதே ஃபிரிட்ச்சிடம்தான். 1939இல் டே தனியாக எழுதிய கட்டுரை ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது: வயல் தண்ணீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று கை கோத்துப் பிணைந்திருக்கும்; செடியால் பிரிக்க முடியாது. பிரித்துக் கொடுத்தால்தான் விவசாயி சொல்கிற தழைச்சத்து. தாத்தா வழித்து வீசியது அதைத்தான்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1939இல் வயல் பாசி சோறு போடுகிறது என்று தெரிகிறது. 1942இல் பாம்பனில் அதன் பங்காளி மேல் கொலைப்பழி. அதே 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்து அரிசி வரத்து நிற்கிறது, மறுவருடம் டே ஆராய்ந்த அதே வங்காளத்தில் பஞ்சம். பஞ்சத்துக்குக் காரணம் தழைச்சத்துக் குறைவு இல்லை. போரும், விலையும், ஆட்சியும். ஆனாலும், ஒரு கவளம் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அந்த வருடங்களில் வெறும் ஆய்வகக் கேள்வியாக இருந்திருக்காது.

கடல் பாசியும் இதே வேலையைச் செய்கிறதா? இதை நம்பத் தயக்கம் இருந்தது, அதற்கு நியாயமும் உண்டு. நைட்ரஜனைப் பிரிக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் வேலை கெட்டுப்போகும். பாசியோ வெயிலில் ஆக்சிஜனை உமிழ்வது. அதனால் வயல் பாசிகளில் பல, இழை நடுவே தடித்த சுவருள்ள தனிச் செல்களைக் கட்டி, நொதியை அதற்குள் பூட்டி வைக்கும். ட்ரைக்கோடெஸ்மியத்தில் அப்படிப்பட்ட செல்லே கிடையாது. இருந்தும் 1961இல் டக்டேல், மென்செல், ரைதர் மூவரும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் அடையாளமிட்ட கனமான நைட்ரஜனைக் கொடுத்துச் சோதித்தார்கள். பாசி அதைப் பிடித்தது. அதுவும் பட்டப்பகலில். எப்படிச் சமாளிக்கிறது என்ற விவாதம் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் ஓடியது. கொலைகாரன் என்று எழுதப்பட்டது, வெப்பமண்டலக் கடலுக்கே உரம் போடுகிற ஆள் என்று தெரிந்தது.

நம் கரையிலும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. இதை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரும்பாடு. பாட்டிலில் அடைத்தால் செத்துப்போகும். ராமமூர்த்தியும் சேஷாத்ரியும் 1966இலேயே வளர்ப்பு முயற்சிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன், 1959இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே எழுதிய பெரும் நூல் இன்றும் உலகம் முழுக்கப் புரட்டப்படுகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991இல் கடல்சார் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் வந்தது. காவிரிக்கரையில் கடல் பாசிக்கு ஒரு வீடு! எனக்கு இது பிடித்திருக்கிறது.

இந்த இடைவெளியில் வயலில் வேறொன்று நடந்துவிட்டது. பாசி சாதாரண வெயிலில் செய்வதை, 400 டிகிரிக்கு மேல் சூட்டிலும் காற்றழுத்தத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்திலும் செய்ய ஹேபரும் போஷும் வழி கண்டார்கள். ஜெர்மனியில் 1913இல் ஆலை ஓடியது. நமக்கு அது பசுமைப் புரட்சியோடு யூரியா மூட்டையாக வந்தது. 1970களில் தூத்துக்குடியில் யூரியா ஆலை எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடியும் மன்னார் வளைகுடாக் கரைதான். கரையில் எரிபொருளை எரித்து நைட்ரஜனைப் பிடிக்கிறார்கள், எதிரே தண்ணீரில் பாசி அதையே ஓசியில் பிடிக்கிறது. யூரியாவைப் பழிக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் வீட்டுச் சோறும் அதில் விளைந்ததுதான். ஆனால் பாசிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், காற்றிலிருந்து பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், நிறுத்தியும்விடும். கஷ்டப்பட்டுச் சம்பாதிப்பானேன்?

இதனாலேயே ரொம்ப காலம், ஆற்றுநீரும் சாக்கடையும் சேர்கிற கரையோரக் கடலில் இந்த வேலை பெரிதாக நடக்காது என்று நினைத்தார்கள். அதுவும் தப்பாகிவிட்டது. கலிபோர்னியாவின் ஜொனாதன் ஸேர் 1998இல் ஒரு முன்பின் தெரியாத நுண்ணுயிரின் மரபணுத் துணுக்கைக் கடல்நீரில் கண்டார். கரையோரத் தண்ணீரிலும் அது அகப்பட்டது. ஜப்பானில் கியோகோ ஹாகினோ அது குடியிருக்கும் பாசியை வருடக்கணக்கில் போராடி வளர்த்தார். 2024இல் முடிவு வந்தது: அது இப்போது தனி உயிரே இல்லை, அந்தப் பாசியின் செல்லுக்குள் ஓர் உறுப்பாகவே மாறிவிட்டது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். தனக்குள்ளேயே உர ஆலை வைத்திருக்கும் செல்.

2019இல் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியபோது, 'பூங்கோரை' என்று மீனவர்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு 1942தான் ஞாபகம் வந்தது. ஆனால் அது வேறு உயிர், நாக்டிலூக்கா. நைட்ரஜன் பிடிக்காதது. கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் பாசிதான்.

தாத்தாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். அப்போது வயல் குத்தகைக்குப் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஏன்யா, அப்ப அம்பது வருசமா நான் வழிச்சு வரப்புல போட்டது ஒரமா?"

ஆமா தாத்தா என்றேன்.

"அதான் வரப்புல புல்லு அப்புடி வளந்துச்சு."