இருபது டாலர் காற்றாலை

1828-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் ஒரு பழைய மரக் காற்றாலை 20 டாலருக்கு விலை போனது. விறகுக்காகத்தான்! ஆனால் வாங்கிய ஜாரெட் கார்ட்னர் ஒரு தச்சர். அதை அடுப்புக்கு அனுப்பாமல் பழுது பார்த்து, மறுபடியும் மக்காச்சோளம் அரைக்க வைத்தார். 1897-இல் அதே ஆலை ஏலத்துக்கு வந்தபோது 885 டாலருக்கு எடுத்தது, மூன்று வயதே ஆகியிருந்த நான்டக்கெட் வரலாற்றுச் சங்கம்.

1746-இல் கட்டப்பட்ட ஆலை அது. காற்று திசை மாறினால் ஆலையின் தலையையே திருப்ப வேண்டும். அதற்காகப் பின்புறம் ஒரு நீண்ட மரம் இறங்கி வருகிறது, அதன் முனையில் ஒரு வண்டிச் சக்கரம். சக்கரத்தை உருட்டினால் மேலே கூரையும் இறக்கைகளும் சேர்ந்து திரும்பும். அமெரிக்காவில் இயங்கும் நிலையில் உள்ள காற்றாலைகளில் இதுவே மிகப் பழையது.

மாசசூசெட்ஸ் கரையிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தச் சின்னத் தீவில் இத்தனை பழைய கட்டடங்கள் எப்படித் தப்பின? உண்மையான காரணம் வறுமை. திமிங்கல எண்ணெயால் கொழித்த ஊர் இது. 1846-இல் ஒரு பெருந்தீ கடைத்தெருவை எரித்தது. 1849-இல் இளைஞர்கள் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குக் கப்பலேறினார்கள். 1859-இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியம் கிடைத்ததும் திமிங்கல எண்ணெயை யார் வாங்குவார்கள்? 1840-இல் சுமார் 9,000 பேர் வாழ்ந்த தீவில் 1870-களின் நடுவில் 3,000 சொச்சம் பேரே மிஞ்சினர். இடித்துக் கட்டக் கையில் காசில்லை, அதனால் வீடுகள் அப்படியே நின்றன. பிறகு கோடைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் பணத்தோடு வந்தார்கள். ஆபத்தும் அப்போதுதான் வந்தது. 1894-இல் சங்கம் தொடங்கியது சரியான நேரத்தில்தான்.

முதலில் வாங்கியது குவேக்கர்களின் தொழுகை இல்லம். 1923-இல் ஜெத்ரோ காஃபின் வீடு. பகையாக இருந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1686-இல் கல்யாணப் பரிசாகக் கட்டிய வீடு அது. பெண் வீட்டார் நிலம் கொடுத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் மரம் கொடுத்தார்கள். (சம்பந்திச் சண்டை எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது!) 1987-இல் இடி விழுந்து புகைபோக்கி சரிந்தது, கூரையில் பாதி போனது. அதையும் சங்கம் திரும்பக் கட்டித் திறந்தது.

பெருந்தீக்கு மறு ஆண்டு எழுந்த மெழுகுவர்த்தித் தொழிற்சாலை 1930 முதல் திமிங்கல வேட்டை அருங்காட்சியகமாக இருக்கிறது. திமிங்கலத்தின் தலை எண்ணெயைப் பிழிந்து மெழுகாக்கிய பெரிய மர நெம்புகோல் உள்ளேயே இருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில், 1998 புத்தாண்டு நாளில் தீவின் கரையில் ஒதுங்கி இறந்த 46 அடி திமிங்கலத்தின் எலும்புக்கூடும் தொங்குகிறது.