வரலாற்றை எழுதிய பெண்கள்

வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்த பெண்கள் பெரும்பாலும் அரசிகள். அல்லது அரசர்களின் தாய்மாரும் மனைவியரும். வரலாற்றில் இடம்பெற்ற பெண்களை அறிந்த அளவுக்கு, வரலாற்றை எழுதிய பெண்களை நாம் அறியோம். அவர்கள் இல்லாமலில்லை.

சீனாவில் ஹான் பேரரசின் வரலாற்றை எழுதத் தொடங்கியவர் பான் பியாவோ. அவருக்குப் பின் மகன் பான் கு அப்பணியைத் தொடர்ந்தார். கி.பி. 92இல் பான் கு சிறையில் இறந்தபோது நூல் முற்றுப்பெற்றிருக்கவில்லை. பேரரசர் அதனை ஒப்படைத்தது பான் குவின் தங்கை பான் சாவோவிடம். இளவயதிலேயே கணவனை இழந்திருந்த அவர், எஞ்சியிருந்த அட்டவணைகளை எழுதினார். அரண்மனைப் பெண்களுக்கு ஆசிரியையாகவும் விளங்கினார். நூல் கடினமாயிருந்தமையால், பின்னாளில் பேரறிஞராகப் போற்றப்பட்ட மா ரோங் அவரிடமே அதைப் பாடங்கேட்டார்.

அடுத்தவர் முகலாய அரசர் பாபரின் மகள் குல்பதன் பேகம். 1530இல் தந்தை இறந்தபோது அவர் சிறுமி. பிற்காலத்தில் மருமகன் அக்பரின் வேண்டுகோளுக்கிணங்க, பாபர், ஹுமாயூன் ஆகியோரைப் பற்றித் தாம் அறிந்தவற்றை எளிய பாரசீகத்தில் எழுதினார். அதுவே ‘ஹுமாயூன் நாமா’. அரசவை எழுத்தர்கள் போரின் வெற்றி தோல்விகளை எழுதினர். குல்பதன், போருக்குப் பின் வீட்டில் யார் யார் இல்லை என்பதையும் எழுதினார். 1539இல் சௌசாவில் ஹுமாயூன் தோற்றபோது காணாமற்போன பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஹுமாயூனின் சிறுமகள் அகீகாவும் அவர்களுள் ஒருத்தி. காணாமற்போனோரின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரைக் கண்ட எமக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமானவையல்ல.

எமது மண்ணிலும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவியாகப் பணியாற்றிய வைத்திய கலாநிதி ராஜினி திராணகம. வரலாறு அவருடைய துறையல்ல. ஆயினும் போர்க்காலப் பெண்கள் பட்டவற்றைக் கேட்டறிந்து பதிவு செய்தார். சக விரிவுரையாளர் மூவருடன் இணைந்து அவர் எழுதிய ‘முறிந்த பனை’ நூலில் அப்பதிவுகள் உள்ளன. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. இரு பெண்பிள்ளைகளின் தாய். உள்ளதை உள்ளபடி எழுதுவதற்கு எத்தனை விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை எமது தலைமுறை அன்று கண்டது.

இம்மலருக்காகத் தகவல் திரட்டியபோது, கல்லூரியின் பழைய பதிவேடுகள் பல இடப்பெயர்வுகளோடு தொலைந்துவிட்டமை தெரியவந்தது. அந்த வெற்றிடங்களை நிரப்பியவை மூத்த மாணவிகளின் நினைவுகளே. கூரையில்லா மண்டபத்தில் நடந்த பரிசளிப்பு விழா, அகதிகள் தங்கியிருந்த வகுப்பறைகள், குப்பி விளக்கில் படித்த விடுதிப் பிள்ளைகள் யாவும் அவர்கள் சொல்லித்தான் எமக்குத் தெரியும்.

எண்பதைக் கடந்த அக்காமார் இன்னமும் எம்மிடையே இருக்கின்றனர். ஒரு கொப்பியுடன் அவர்களிடம் சென்று அமருங்கள். ஆண்டையும் பெயரையும் மறவாது கேட்டு எழுதுங்கள். அடுத்த மலரைத் தொகுக்கப்போகும் பிள்ளைகள் அந்தக் கொப்பியைத்தான் தேடுவார்கள்.