மடலாய் வந்த நஞ்சு

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், உலகின் பல அலுவலகங்களில் கணினி முன் அமர்ந்தோருக்கு 'ஐ லவ் யூ' என்னும் தலைப்பில் மின்மடல் ஒன்று காத்திருந்தது. அனுப்பியவர் அந்நியர் அல்லர். உடன் பணிபுரிபவர், வாடிக்கையாளர், நண்பர். ஐயுறக் காரணமின்றித் திறந்தனர்.

இணைப்பிலிருந்த கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என முடிவதாகத் தோன்றியது. வெறும் எழுத்துக் கோப்பென்றே எவரும் கருதுவர். உண்மையில் அதன்பின் 'விபிஎஸ்' என்றொரு வால் இருந்தது. அஃது இயங்கும் நிரலுக்குரிய அடையாளம். அவ்வாலை விண்டோஸ் இயல்பாகவே மறைத்து வைத்திருந்தது. சொடுக்கிய கணமே நிரல் விழித்துக்கொண்டது. படக் கோப்புகளை அழித்தது. அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும், திறந்தவர் பெயராலேயே அம்மடலை அனுப்பியது. மணிலாவில் புறப்பட்ட நஞ்சு பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மின்மடல் சேவையையே நிறுத்தச் செய்தது. எழுதியவரைத் தண்டிக்கப் பிலிப்பைன்சில் அன்று உரிய சட்டம் இல்லை. மறுமாதமே சட்டம் வந்தது.

"கவனமற்ற ஊழியர் திறந்தார், கேடு புகுந்தது" என்று சொல்லிவிடுவது எளிது. வாலை மறைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை.

1988 நவம்பர் 2ஆம் நாள் பரவிய மோரிஸ் புழு, மென்பொருள் ஓட்டைகளோடு எளிய கடவுச்சொற்களையும் ஊகித்து நுழைந்தது. அங்கே பயனரின் பிழையும் உண்டு. ஆனால் 2017 மே 12இல் பரவிய வான்னாக்ரை, கணினிக்குக் கணினி தாவ எவருடைய சொடுக்கலையும் வேண்டவில்லை. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. திருத்தாமல் விட்ட கணினிகளே வீழ்ந்தன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவும் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இப்பிழை காவலருடையது.

பத்துக் கணினிகள் கொண்ட சிற்றலுவலகத்திற்கும் இவ்வரலாறு பொருந்தும். கோப்புகளின் வாலைக் காட்டச் செய்தல், நிர்வாகி உரிமையை எல்லோருக்கும் வழங்காதிருத்தல், திருத்தங்களை உடனே நிறுவுதல், படியெடுத்த கோப்புகளுள் ஒன்றையேனும் வலையமைப்புக்கு வெளியே வைத்தல் ஆகியன காவலரின் கடமைகள்.

இவை யாவற்றினும் மேலான அரண் ஒன்றுண்டு. தவறிச் சொடுக்கியவர், வசைக்கு அஞ்சாமல் அக்கணமே வந்து சொல்லக்கூடிய சூழல் அது. அச்சத்தால் மறைக்கப்படும் ஒரு மணி நேரம் போதும். ஒரு கணினியின் நோய் பத்துக்கும் பரவிவிடும்.