உரைக் கோப்பும் தமிழ் எழுத்தும்: கணிப்பொறி படித்த வரலாறு

உரைக் கோப்பு என்பது எண்களின் வரிசையாகும். நிரல் ஒன்று கோப்பைத் திறந்து தரவைப் பெறும்போது அதற்குக் கிடைப்பது எழுத்தன்று. 0 முதல் 255 வரையிலான எண்களே. இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்னும் செய்தி பெரும்பாலும் கோப்பினுள் இடம்பெறுவதில்லை. அது கோப்பை உருவாக்கியவரிடமோ அவர் கையாண்ட எழுத்துருவிலோ தங்கிவிடுகிறது. தமிழ்த் தரவுகளைக் கணிப்பொறிவழி ஆராய்ந்தோர் எதிர்கொண்ட இடர்களுள் பல இவ்வொரு நிலையிலிருந்து தோன்றியவை.

ஆங்கிலத்திற்கு இவ்விடர் பெரிதாக நேரவில்லை. 1963இல் வெளிவந்த ஆஸ்கி 128 இடங்களைக் கொண்டது. ஆங்கிலத்திற்கு அவை போதியவை. பிரௌன் பல்கலைக்கழகத்தில் நெல்சன் பிரான்சிசும் ஹென்றி குசெராவும் 1964இல் உருவாக்கிய தரவகம், 500 உரைப்பகுதிகளில் ஏறத்தாழ 10 இலட்சம் சொற்களைத் தந்தது. இரு இடைவெளிகளுக்கு நடுவே நிற்பது சொல் என்பது அத்தகைய ஆய்வுகளில் பயன்பட்ட எளிய விதி. 1977இல் பெல் ஆய்வகத்தில் உருவான ஆக் என்னும் நிரல்மொழியும் கோப்பை வரிவரியாகப் படித்து, இடைவெளி கண்ட இடங்களில் பிரித்துத் தந்தது. ஆங்கில எழுத்துமுறையின் வசதி, எம்மொழிக்கும் பொதுவான விதிபோல நிலைபெற்றுவிட்டது.

இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பெற்ற இஸ்கி 1988இல் வெளிவந்து, 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. ஆஸ்கியின் 128 இடங்களை அப்படியே விட்டு, மேற்பாதியில் இந்திய எழுத்துகளை அது அமைத்தது. பிராமி வழிவந்த எழுத்துமுறைகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணை என்பது அதன் அடிப்படை. தமிழ்க் ககரத்திற்கும் கன்னடக் ககரத்திற்கும் எண் ஒன்றே. எழுத்துமுறையை அறிவிக்க 239 என்னும் எண்ணையும் அதனையடுத்து ஒரு குறியையும் இட வேண்டும். அவை விடுபட்ட தமிழ்க் கோப்பைக் கன்னட எழுத்தில் காட்டினாலும் கணிப்பொறி அதைப் பிழையென அறியாது. எழுத்துப்பெயர்ப்புக்கு நன்மை செய்த அமைப்பே கோப்பின் மொழியை மறைக்கவும் செய்தது.

இஸ்கியில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக, ஒலிக்கும் முறையில் இரண்டு எண்கள். எழுத்துரு சார்ந்த குறியீடுகளோ அச்சுக்கோப்பாளரின் வழியைப் பின்பற்றின. கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் முறையில் மூன்று எண்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாட்டினையடுத்துத் தமிழக அரசு ஏற்ற டாப் குறியீடும் இவ்வகையினது. திரையில் இரண்டும் ஒன்றே, நிரலுக்கு அவ்வாறன்று. தோற்ற முறையில் அமைந்த கோப்பை எண் வரிசையில் அடுக்கினால் 'சொல்', 'பெண்', 'கெடு' ஆகிய மூன்றும் கொம்பின்கீழ் ஓரிடத்தில் திரளும். அகராதிப் பணிக்கு இத்தகைய அடைவு பயன்படாது. வேர்ச்சொல்லைத் தேடும் மொழியியலாருக்கும் முதலெழுத்தே கைநழுவிவிடும்.

யூனிகோடு 1991இல் வந்தபோது 1988ஆம் ஆண்டு இஸ்கியைத் தழுவித் தமிழுக்குத் தனியே 128 இடங்களை ஒதுக்கியது. எந்த எண் எம்மொழி எழுத்து என்னும் ஐயம் அதனால் நீங்கியது. எனினும் அதன் எண் வரிசையில் ர, ற, ல, ள, ழ, வ என எழுத்துகள் நிற்கின்றன. நெடுங்கணக்கின் வரிசை அதுவன்று. மேலும், 'கொ'வை ககரம், ஒகரக் குறி என இரண்டாகவும், ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் எழுத இடமுண்டு. இவை நிகரானவை என யூனிகோடு கூறும்; நிகர்ப்படுத்தாத நிரல் அவற்றை இருவேறு சொற்களாகவே எண்ணும். இன்னும் நுட்பமானது ஔகாரக் குறி. 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டு 'கெளரவம்' என உள்ளிடும் வழக்கம் மிகுதி. இவை நிகரானவையும் அல்ல. திருத்தாத தரவகத்தில் சொல்லின் வருகைக் கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும்.

எழுத்தல்லாத எண்களும் இவ்வாறே இடர் தருவன. டாஸ் முறையில் வரியின் முடிவு 13, 10 என்னும் இரண்டு எண்கள். யூனிக்சில் 10 மட்டுமே. முன்னதில் உருவான செய்யுட் கோப்பைப் பின்னதில் படித்தால் ஒவ்வோர் அடியின் இறுதிச் சொல்லோடும் 13 ஒட்டிக்கொள்ளும். அடியின் இடையில் வந்த 'மலை'யும் இறுதியில் வந்த 'மலை'யும் வெவ்வேறாகும். இயைபுத் தொடையை ஆராய்வோர்க்கு இது சிறு குறையன்று. மொழிபெயர்ப்பாளர் இணையுரைகளை வரிக்கு வரி பொருத்தும்போதும் இக்கேடு நேரும்.

எண்களுக்கு எழுத்து தெளிவான பின்னரும் எது சொல்லெழுத்து என்னும் வினா எஞ்சுகிறது. பைத்தான் நிரல்மொழியோடு வரும் வடிவத் தேடல் நூலகத்தில், சொல்லெழுத்து என்னும் வகைக்குள் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்க்கப்படவில்லை. அதைக் கொண்டு 'தமிழ்' என்னும் சொல்லைப் பிரித்தால் 'தம', 'ழ' என இரு துண்டுகள் கிடைக்கும். தமிழ் எழுத்திலக்கணத்தில் புள்ளி எழுத்தின் உறுப்பு. அந்நூலகத்திற்கு அது சொல்லின் எல்லை.

பழைய தனியார் எழுத்துருக்களில் உள்ளிடப்பெற்ற கோப்புகளின் நிலை இவற்றினும் கடினம். அட்டவணை கிடைக்காதபோது, எண்களின் வருகை மிகுதியைத் தமிழெழுத்துகளின் வருகை மிகுதியோடு ஒப்பிட்டும், ஓரிரு பக்கங்களை அச்சுப்படியோடு வைத்துப் பார்த்தும் அட்டவணையை மீட்டெடுக்கலாம். முதலில் புலப்படுவது, ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லிலும் வரும் புள்ளியே. ஆனால் மெய்யெழுத்துகளுக்குத் தனி எண் தந்த எழுத்துருவாயின் அந்தத் தொடக்கமும் கிடைக்காது. அங்கு அச்சுப்படி ஒன்றே துணை.