பரம்பரைக் கைக்கடிகாரங்கள்: அடையாளமும் மதிப்பும்

பரம்பரைக் கைக்கடிகாரம் என்பது பாட்டனாரோ பாட்டியாரோ அணிந்திருந்து, பின்னர் வாரிசுகளின் கைக்கு வந்துசேர்ந்த பழைய கைக்கடிகாரத்தைக் குறிக்கும். தென்னிந்திய வீடுகளில் இவ்வாறு எஞ்சியிருப்பவற்றுள் கணிசமானவை, மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பரவுவதற்கு முன் தயாரானவை. நாள்தோறும் சாவி கொடுப்பதாலோ, அணிந்தவரின் கையசைவாலோ உள்ளிருக்கும் சுருள்வில் முறுக்கேறி, அது தளரும் விசையால் அவை ஓடுகின்றன. இத்தகைய கடிகாரத்தின் மதிப்பை அதன் வயது மட்டும் முடிவுசெய்வதில்லை. தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த டயல், முள், கேஸ், மெஷின் ஆகிய நான்கும் மாறாமல் எஞ்சியிருப்பதே முதன்மையான அளவுகோலாகும்.

கிடைக்கும் வகைகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் எருத்தேன்பதி முதலிய தமிழர் வாழும் எல்லை ஊர்கள், ஒருபுறம் கேரளத்தோடும் மறுபுறம் கோயம்புத்தூர், பொள்ளாச்சி ஆகிய கொங்கு நகரங்களோடும் தொடர்புடையவை. இத்தகைய பகுதிகளில் எதிர்பார்க்கத்தக்க கடிகாரங்களைக் காலவரிசையில் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கலாம்.

முதல் அடுக்கில் அடங்குபவை சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு இந்தியச் சந்தைக்கென அனுப்பப்பட்டவை. பம்பாயை மையமாகக் கொண்டு விற்பனை செய்த வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் கடிகாரங்களில், குதிரைப்படை வீரரைக் குறிக்கும் ‘சோவார்’ என்ற பெயரும் பம்பாய், கல்கத்தா என்ற நகரப் பெயர்களும் டயலிலேயே அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஃபாவ்ர் லூபா, ரோமர் போன்ற சுவிஸ் பெயர்களும் இவ்வடுக்கைச் சேர்ந்தவை.

இரண்டாம் அடுக்கு எச்.எம்.டி. கடிகாரங்களுக்கு உரியது. 1953-இல் பெங்களூருவில் தோன்றிய பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.), 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதல் தொகுதியைப் பிரதமர் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர், காஞ்சன் எனப் பெயரிட்ட பல வகைகள் பின்னர் பெங்களூரு, தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. கேரளத்தில் களமசேரியில் இயங்கிய எச்.எம்.டி. பிரிவு இயந்திரக் கருவிகளையும் அச்சு இயந்திரங்களையும் செய்ததேயன்றிக் கைக்கடிகாரத்தைச் செய்யவில்லை. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை வெளியிட்டபின் எச்.எம்.டி.யின் செல்வாக்குச் சரிந்தது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 சனவரியில் ஒப்புதல் அளித்தது.

மூன்றாம் அடுக்கில் வருபவை, 1970-களில் கேரளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் தொகை பெருகியதையொட்டி ஊர் வந்துசேர்ந்த சீக்கோ, சிட்டிசன் முதலிய ஜப்பானிய ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள்.

அடையாளம் காணும் முறை

கடிகாரத்தைத் திறப்பதற்கு முன் டயலில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் உருப்பெருக்கியால் படிப்பது முதற்படியாகும். ‘17 ஜூவல்ஸ்’ என்ற குறிப்பு, பற்சக்கரங்களின் அச்சு தேயாமலிருக்கத் தாங்கிகளாகப் பொருத்தப்பட்ட செயற்கை மாணிக்கக் கற்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. இக்கற்களுக்கு நகைக்கல்லுக்குரிய விலை கிடையாது. எச்.எம்.டி. டயல்களில் காணப்படும் ‘பாரா ஷாக்’ என்பது, கடிகாரம் கீழே விழும்போது, ஓட்டத்தைச் சீராக்கும் சக்கரமான பாலன்ஸ் வீலின் மெல்லிய அச்சு முறியாமல் காக்கும், சிட்டிசன் வழிவந்த அமைப்பின் பெயராகும். டயலின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருப்பின், முள்ளும் எண்களும் இருளில் ஒளிர டிரிட்டியம் பூசப்பட்டிருப்பதாகப் பொருள். இக்குறி, ரேடியம் கைவிடப்பட்ட 1960-களிலோ அதற்குப் பின்னரோ கடிகாரம் தயாரானதை உணர்த்துகிறது.

இரண்டாவது படியாகப் பின்மூடியை ஆராய வேண்டும். சீக்கோ கடிகாரங்களில் மெஷினின் வகை எண்ணும் தனி வரிசை எண்ணும் பின்மூடியில் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாம் குறி மாதத்தையும் காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, எண் 83 எனத் தொடங்கினால் அது 8 என முடியும் ஓர் ஆண்டின் மார்ச் மாதத்தைச் சுட்டும். அது 1978-ஆ 1988-ஆ என்பதை மெஷினின் வகையும் வடிவமைப்பும் கொண்டே தீர்மானிக்க இயலும்.

மூன்றாவதாக, பழகிய கடிகாரப் பழுதுபார்ப்பவரைக் கொண்டு பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்ப்பது இன்றியமையாதது. சுவிஸ் விற்பனைப் பெயர்கள் பல, பிற ஆலைகளில் செய்த மெஷினை வாங்கிப் பயன்படுத்தியமையால், பாலன்ஸ் வீலின் அருகே பொறித்துள்ள ஆலைச் சின்னமும் எண்ணும் டயலில் உள்ள பெயரைவிட நம்பத்தக்க சான்றாகின்றன. டயலில் ஒரு பெயரும் மெஷினில் அதனோடு தொடர்பற்ற பெயரும் இருப்பின், வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டிருக்கக் கூடும்.

மறுவண்ணம் பூசிய டயல்கள்

இந்தியப் பழங்கடிகாரச் சந்தையின் பெருஞ்சிக்கல், மங்கிய டயலைச் சுரண்டி, புதிய நிறத்தில் மீண்டும் அச்சிட்டு விற்கும் வழக்கமாகும். எச்.எம்.டி., ஃபாவ்ர் லூபா, சீக்கோ ஆகியவை இவ்வகையில் மிகுதியாக மாற்றப்பட்டுள்ளன. ஆலை ஒருபோதும் வெளியிடாத பளிச்சிடும் நிறங்கள், தடித்தும் சாய்ந்தும் நிற்கும் எழுத்துகள், பதித்த குறிகளோடு பொருந்தாத நிமிடக் கோடுகள், தேய்ந்த கேஸுக்குள் புத்தம்புதிதாகத் தெரியும் டயல் ஆகியவை இதனைக் காட்டிக்கொடுக்கும். ஒரே குடும்பத்தில் தொடர்ந்து இருந்த கடிகாரத்தில் இத்தகைய மாற்றத்துக்கு வாய்ப்புக் குறைவு என்றாலும், முன்னொரு பழுதுபார்ப்பில் டயலோ முள்ளோ மாற்றப்பட்டிருக்கக் கூடும் என்பதால் பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மதிப்பிடல்

கடிகாரத்தின் மதிப்பு உலோகம், சந்தை என இருவகையாகக் கணிக்கப்படுகிறது. கேஸில் 750 என்ற முத்திரை 18 காரட்டையும், 585 என்பது 14 காரட்டையும், 375 என்பது 9 காரட்டையும் குறிக்கும். ‘20 மைக்ரான்’ போன்ற குறிப்புத் தங்க முலாமின் கனத்தை மட்டுமே கூறுவதால் அதனைத் தங்கக் கேஸாகக் கொள்ளலாகாது. எச்.எம்.டி.யின் சோனா, பெயரால் பொன்னைச் சுட்டினும் முலாம் பூசியதேயாகும்.

சந்தை மதிப்பு, அதே வகையும் அதே நிலையும் உடைய கடிகாரங்கள் உண்மையில் விற்றுப்போன விலையைக் கொண்டு அளக்கப்படுகிறது. விற்பவர் கேட்கும் விலை இதற்குச் சான்றாகாது. கோடிக்கணக்கில் தயாரானதால் சாதாரண ஜனதா போன்றவை பெருந்தொகைக்கு விலைபோவதில்லை. ஆயினும் தேவநாகரி எண்கள் கொண்ட டயல், பார்வையற்றோர் விரலால் தடவி நேரம் அறியும் பிரெய்ல் வகை, மாற்றப்படாத கறுப்பு டயலுடைய பழைய பைலட் ஆகியவற்றைச் சேகரிப்போர் தேடுகின்றனர். பெட்டி, விற்பனைச் சீட்டு, உத்தரவாத அட்டை, பணி ஓய்வுப் பரிசாக வழங்கியதைக் கூறும் பின்மூடிப் பொறிப்பு ஆகியவை கடிகாரத்தின் வரலாற்றை உறுதிப்படுத்துவதால் அவற்றைப் பிரிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

பல்லாண்டு ஓடாதிருந்த கடிகாரத்தில் எண்ணெய் உலர்ந்து பசைபோல் ஆகிவிடுவதால், சர்வீஸ் செய்யாமல் சாவி கொடுத்து ஓட்டினால் அச்சுகள் தேய்ந்துவிடும். கேஸை மெருகேற்றுவதால் முலாமும் விளிம்புகளும் அழியும். டயலுக்கு மறுவண்ணம் பூசுவதோ மதிப்பை மீட்க முடியாதபடி குறைத்துவிடும். ரேடியம் பூசிய பழைய டயல்களில் அப்பூச்சு உதிரக்கூடும் என்பதாலும், ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதாலும், ஒளி மங்கிய பின்னரும் அவற்றைச் சுரண்டுவதும் வீட்டில் திறப்பதும் தவிர்க்கத்தக்கன. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடுமாதலால், அத்தகைய கடிகாரத்தை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதன் நிலையை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.