துணைவேந்தர் எழுதிய இரண்டு சாசனங்கள்

1952 மார்ச் மாதம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் மணிவிழா அறக்கட்டளைச் சொற்பொழிவு. இந்திய அரசமைப்பின் வரைவுக் குழுவில் முக்கியப் பங்காற்றியவர் அல்லாடி. அவர் பெயரில் அமைந்த அந்த மேடையில் நின்று, ஓர் ஆங்கிலேயச் சட்டப் பேராசிரியர் அந்த அரசமைப்பையே குறை சொன்னார். 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட நீளம் அவருக்குப் பிடிக்கவில்லை. திருத்துவதற்கு இறுக்கமாக இருப்பதையும் அவர் ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டு எழுதிவைப்பதில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை.

அவர்தான் சர் ஐவர் ஜென்னிங்ஸ். அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். சுதந்திர இலங்கையின் அரசமைப்புக்கு மூல வரைவை எழுதியவரும் அவரே. அந்த அரசமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் கிடையாது.

சென்னைச் சொற்பொழிவு முடிந்த இரண்டே மாதத்தில், மே மாதம், இலங்கையில் பொதுத்தேர்தல் நடந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வழியாக ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர்கள், இந்த முறை ஒருவரைக்கூட அனுப்பவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

சென்ற வாரம் டொனமூர் ஆணைக்குழுவையும், 1931-ல் தீவுக்குக் கிடைத்த சர்வசன வாக்குரிமையையும் பார்த்தோம். அந்த வாக்குரிமை இருபது ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்துக்கு மட்டும் எப்படிப் பறிபோனது? அதைத் தெரிந்துகொள்ள ஜென்னிங்ஸைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிஸ்டல் முதல் கொழும்பு வரை

1903 மே 16-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார் ஜென்னிங்ஸ். கேம்பிரிட்ஜின் செயின்ட் கேதரின் கல்லூரியில் கணிதம் படிக்கப் போனவர், பாதியில் சட்டத்துக்கு மாறினார். 22 வயதில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1929 முதல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆசிரியர். 1933-ல் ‘சட்டமும் அரசமைப்பும்’, 1936-ல் ‘அமைச்சரவை ஆட்சி’, 1939-ல் ‘நாடாளுமன்றம்’ என ஆறே ஆண்டுகளில் மூன்று பெரிய நூல்கள். பிரிட்டனின் அரசமைப்பைப் படிக்கும் எவரும் தாண்டிப் போக முடியாத நூல்கள் அவை.

பிரிட்டனுக்கு எழுதப்பட்ட அரசமைப்பு ஒன்று கிடையாது. பிரதமர் எப்போது பதவி விலக வேண்டும், அரசர் எதில் தலையிடக் கூடாது என்பதையெல்லாம் அங்கே மரபுகளே தீர்மானிக்கின்றன. ஒரு பழக்கம் எப்போது கட்டுப்படுத்தும் மரபாகிறது? ஜென்னிங்ஸ் மூன்று கேள்விகள் கேட்டார். முன்னுதாரணங்கள் உண்டா? அப்படி நடந்தவர்கள், நடந்தே ஆக வேண்டும் என்று எண்ணி நடந்தார்களா? அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறதா? கனடாவின் உச்ச நீதிமன்றம் 1981-ல் தன் நாட்டு அரசமைப்பு மாற்றம் பற்றிய பெரிய வழக்கில் இந்த மூன்று கேள்விகளைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

ஆள்பவர்களின் நடத்தையில்தான் அரசமைப்பின் உயிர் இருக்கிறது என்று கற்பித்த அறிஞர், 1941-ல் கொழும்பு வந்து இறங்கினார், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக.

முதல் சாசனம்

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் 1906-லேயே எழுந்தது. அந்த இயக்கத்தை முன்நின்று நடத்தியவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். 1921-ல் கிடைத்தது ஒரு கல்லூரி மட்டுமே. அதன் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வைத்தான் எழுதினார்கள். பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் அமைப்பதா, கண்டியில் அமைப்பதா என்ற சண்டையில் ஆண்டுகள் பல கழிந்தன.

ஜென்னிங்ஸ் வந்த மறு ஆண்டு, 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்தப் போர்க்காலப் பதற்றத்திலும் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. 1942 ஜூலை 1 அன்று கல்லூரியும் 1870 முதல் இயங்கிவந்த மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. முதல் துணைவேந்தர் ஜென்னிங்ஸ்.

ஜென்னிங்ஸ் எழுதிய அந்தச் சட்டத்தின் அடித்தளம் தன்னாட்சி. பணம் அரசாங்கத்தினுடையது. ஆனால் யாரை நியமிப்பது, எதைக் கற்பிப்பது, யாரைச் சேர்ப்பது என்ற முடிவுகள் பல்கலைக்கழகத்தின் பேரவைக்கும் மூதவைக்கும் உரியவை. தன்னாட்சி என்று எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அதைத் தினமும் காப்பாற்றும் வேலையை யார் செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது.

1943-ல் சுவாமி விபுலாநந்தர் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர் அவர். 1947-ல் அவர் மறைந்தபின் அந்த இருக்கைக்கு க. கணபதிப்பிள்ளை வந்தார். அதே 1947-ல் சட்டத் துறையும் தொடங்கியது. 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பணமில்லாத பிள்ளைக்கும் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. ஆனால் கற்பித்தது ஆங்கிலத்தில். கிராமப் பள்ளியில் தாய்மொழியில் படித்த பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அப்போதும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. பின்னாளில் பல்கலைக்கழகத்தின் மீது திரும்பிய கோபத்தின் வேர் அதில் இருந்தது.

மகாவலி ஆற்றின் கரையில், ஹந்தானை மலையடிவாரத்தில், பேராதனை வளாகம் எழுந்தது. திட்டம் வகுத்தவர்கள் பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும். 1952-ல் கலைப் பிரிவுகள் கொழும்பிலிருந்து அங்கே இடம் மாறின. 1954 ஏப்ரலில் எலிசபெத் அரசியின் இலங்கைப் பயணத்தின்போது, அவருடைய கணவர் எடின்பரோ கோமகன் வளாகத்தைத் திறந்துவைத்தார். மாணவர்கள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது ஜென்னிங்ஸின் உறுதியான கொள்கை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் படித்தார்கள். விடுதிகளில் ஒன்றுக்கு அருணாசலத்தின் பெயர். இன்னொன்றுக்கு அவருடைய தமையன் இராமநாதனின் பெயர்.

இரண்டாவது சாசனம்

போர்க்காலத்தில் குடிசார் பாதுகாப்புத் துறையின் துணை ஆணையாளராகவும் இருந்தார் ஜென்னிங்ஸ். அந்தத் துறையின் தலைவர் ஒலிவர் குணதிலக்க. அவர் வழியாக, இலங்கை அமைச்சர்களின் தலைவராக இருந்த டி.எஸ். சேனநாயக்கவோடு நெருக்கம் ஏற்பட்டது. 1943 மே மாதம், இலங்கை அமைச்சர்களே ஓர் அரசமைப்பு வரைவைத் தரலாம் என்று பிரிட்டன் அறிவித்தது. சேனநாயக்கவுக்கு வேண்டியிருந்தது ஓர் அரசமைப்பு அறிஞர். உலகின் முன்னணி அரசமைப்பு அறிஞர்களில் ஒருவரோ பக்கத்திலேயே துணைவேந்தராக இருந்தார்.

1944-ல் அமைச்சர்களின் வரைவு தயாரானது. எழுதியது ஜென்னிங்ஸ். அதே ஆண்டு டிசம்பரில் சோல்பரி பிரபுவின் தலைமையில் ஆணைக்குழு தீவுக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் சிங்களவருக்குப் பாதி, மற்ற எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்துப் பாதி என்ற ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கைக்காகத் தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதன் முன் வாதாடினார். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. பெரும்பாலும் அமைச்சர்களின் வரைவையே ஏற்றது. 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினர், அதோடு ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் கூடுதலாக ஓர் உறுப்பினர் என்ற கணக்கு, மக்கள் தொகை அடர்த்தி குறைந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு ஓரளவு கைகொடுக்கும் என்பது எதிர்பார்ப்பு.

சிறுபான்மையினருக்கு வைத்த இன்னொரு காப்பு 29-ஆம் பிரிவு. எந்த மதத்தின் வழிபாட்டையும் நாடாளுமன்றம் தடுக்கக் கூடாது. ஒரு சமூகத்துக்கோ மதத்தினருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத பாதிப்பை ஏற்படுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைத் தரவும் கூடாது. அந்தப் பிரிவின் உட்பொருள் இவ்வளவுதான்.

1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் தேர்தல் சட்டத்திருத்தம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றானது. தேயிலைக்கும் ரப்பருக்கும் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். இது 29-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று வழக்குப் போனது. கோடக்கன் பிள்ளை வழக்கு என்று சட்ட வரலாறு அதைக் குறிக்கிறது. 1953-ல், அப்போது இலங்கையின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. தன் குடிமக்கள் யார் என்று வரையறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, இந்தச் சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை, ஆகவே செல்லும்.

சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்ற சொல் இல்லை என்பது உண்மை. அந்தச் சட்டம் யாருடைய வாழ்க்கையில் போய் இறங்கியது என்பதும் உண்மை. நீதிமன்றம் முதல் உண்மையோடு நின்றுகொண்டது.

பல்கலைக்கழகத்துக்குச் சாசனம் எழுதியபோது காவலர்களையும் சேர்த்து நியமித்த ஜென்னிங்ஸ், சிறுபான்மையினருக்கு எழுதியபோது வேலியை மட்டும் போட்டார்; காவலுக்கு ஆள் வைக்கவில்லை. தனி மனிதன் நேராக எடுத்துச்சென்று நீதி கேட்கத்தக்க உரிமைப் பட்டியலை அவர் எழுதவில்லை. பாகுபாடான மசோதாவை முன்கூட்டியே நிறுத்தி ஆராய ஓர் அமைப்பையும் வைக்கவில்லை. மிச்சத்தை ஆள்பவர்களின் நல்ல மரபு பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். பிரிட்டனில் அந்த மரபுகள் சில நூற்றாண்டுகளில் உருவானவை. இலங்கைக்கு ஓராண்டு அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. தான் எழுதிய மூன்று கேள்விகளை அவரே இலங்கையிடம் கேட்டிருந்தால், முதல் கேள்விக்கே பதில் இருந்திருக்காது. முன்னுதாரணம் ஏது?

பிற நாடுகளில்

1954-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரியின் தலைவரானார். ஆனாலும் புதிய நாடுகள் அவரை விடவில்லை. பாகிஸ்தானில் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அரசமைப்பு நிர்ணய சபையைக் கலைத்தபோது, அந்த அரசின் ஆலோசகராகப் போனார். ஜனநாயகத்தை நேசிப்பவர்களால் இன்றும் எளிதில் ஏற்க முடியாத பணி அது. 1956-57-ல் மலாயாவுக்கான ரீட் ஆணைக்குழுவில் உறுப்பினர். அந்த ஆணைக்குழு பரிந்துரைத்த அரசமைப்பில் அடிப்படை உரிமைகளுக்குத் தனி இடம் இருந்தது. இலங்கையில் தேவையில்லை என்று விட்டதை மலாயாவில் அவரும் சேர்ந்து பரிந்துரைத்தார். 1959-ல் நேபாளம் பெற்ற அரசமைப்பிலும் அவர் பங்கு உண்டு. மறு ஆண்டு டிசம்பரில் மன்னர் மகேந்திரா தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்து, தலைவர்களைச் சிறையில் அடைத்தார்.

1961 முதல் 1963 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1965 டிசம்பர் 19-ல், 62 வயதில் காலமானார்.

1972

அவர் இலங்கையில் எழுதிய இரண்டு சாசனங்களும் அதன்பின் நீண்ட நாள் பிழைக்கவில்லை. 1966-ன் உயர்கல்விச் சட்டம் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியை உடைத்தது. 1972-ல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்ற ஒரே அமைப்புக்குள் அடக்கப்பட்டன. அதே 1972 மே 22-ல் குடியரசு அரசமைப்பு வந்தது. அதில் 29-ஆம் பிரிவு இல்லை. மாற்றவே முடியாத பிரிவு என்று 1964-ல் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் விளக்கியிருந்த பிரிவு, புதிய அரசமைப்பு எழுதப்பட்டதும் தடயமின்றிப் போனது.

ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி முடியவில்லை. பல்கலைக்கழகச் சாசனம் 24 ஆண்டுகள் உயிரோடு வேலை செய்தது. அந்தக் காலத்துக்குள் அது ஒரு தலைமுறையை உருவாக்கிவிட்டது. ஐம்பதுகளின் பேராதனையில் படித்தவர்கள்தான் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். அங்கே கற்பித்த சு. வித்தியானந்தன் அறுபதுகளில் ஈழத்து நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அதே வளாகத்து மாணவர்களைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர 1956-ல் ‘மனமே’ நாடகத்தை உருவாக்கினார். சிங்கள நாடகத்தின் திருப்புமுனை அது. 1974-ல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கைலாசபதி. பின்னர் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். சட்டம் போன பின்னும் அது வளர்த்த மனிதர்கள் அடுத்த நிறுவனத்தைக் கட்டினார்கள்.

29-ஆம் பிரிவோ சுதந்திரம் வந்த ஓராண்டுக்குள்ளேயே லட்சக்கணக்கானோரைக் கைவிட்டது. ஜென்னிங்ஸின் அறிவிலோ உழைப்பிலோ குறை காண இயலாது. பலமில்லாதவனின் பாதுகாப்பைப் பலமுள்ளவனின் பெருந்தன்மையிடம் ஒப்படைத்ததுதான் அவர் செய்த பிழை. எந்த நாடு புதிதாக அரசமைப்பு எழுத உட்கார்ந்தாலும் அவருடைய இந்த இரண்டு சாசனங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். உரிமையை எழுதுகிறவர், அதைக் காப்பது யார் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதியாக வேண்டும்.

அடுத்த வாரம்: தனிச் சிங்களச் சட்டத்தின் கீழ் சிங்களத் தேர்வு எழுத மறுத்ததால் சம்பள உயர்வை இழந்த கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு ஊழியர், அதே 29-ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போன கதை. முதல் சுற்றில் அவர் வென்றார்.

(தொடரும்)